வலது கால் இருந்த இடம்

ஜூன் 4, புதன்

எலும்பு மருத்துவர் என்னை நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். இலக்கியத்துக்காக அல்ல. முதுகுவலி எப்போது வருகிறது, எங்கே வருகிறது, பத்துக்கு எத்தனை மதிப்பெண் பெறுகிறது என்று அன்றாடம் குறித்து வர வேண்டும். நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வாசகர்களின் மருத்துவக் கேள்வி பதில் பகுதி என் பொறுப்பில் இருந்தது. மருத்துவர்கள் இரண்டு பக்கம் எழுதி அனுப்புவதை ஒரு பத்தியாக வெட்டி, கடைசியில் ‘அருகிலுள்ள மருத்துவரை அணுகவும்’ என்று நானே சேர்ப்பேன். இப்போது நான் அருகிலுள்ள மருத்துவரை அணுகினால், அவர் எழுதும் வேலையை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வலி: ஆறு. இடம்: இடுப்புக்குச் சற்று மேலே. வடிவத்தை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீளவாட்டில் இருக்கிறது, ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல், நடுவில் ஒரு பக்கம் உள்வாங்கியிருக்கிறது.

காரணம்: மனைவியைத் தூக்குவது. மயிலாத்தாளுக்குச் சித்திரையில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை, அதன்மேல் செருப்புக் கடித்த புண். அவளைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அங்கிருந்து குளியலறைக்கும், மறுபடி கட்டிலுக்கும் நான்தான் தூக்கி வைக்கிறேன். இனி எதையும் தூக்கக் கூடாது என்கிறார் மருத்துவர். அவர் வீடு வேறு, என் வீடு வேறு.

இந்தக் குறிப்பு என் மகன் திருமூர்த்தியின் கண்ணில் படக் கூடாது. அவன் ஓசூரில் இருக்கிறான். அப்பாவால் முடியவில்லை என்று தெரிந்த அன்றே அம்மாவை அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறான். இல்லத்தின் படங்களும் அனுப்பினான். சுவரில் சூரியகாந்திப் பூ வரைந்திருக்கிறார்கள். அதன் கீழே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர்கூடப் பூவைப் பார்க்கவில்லை. மயிலாத்தாள் படத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

ஜூன் 7, சனி

புது பிளாக்கிலிருந்து ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். “மிதிக்கிற அம்மா ஊடு இதுதானுங்களா?” என்றார்.

மயிலாத்தாள் கால் முந்திப் பிறந்தவள். தலை வர வேண்டிய வழியில் கால் வந்திருக்கிறது. அப்படிப் பிறந்தவர் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது கோயமுத்தூர் ஹவுசிங் யூனிட்டில் மறுப்பில்லாத மருத்துவ உண்மை. முன்னறையில் குப்புறப் படுக்க வேண்டும். அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது பாதத்தை நோவு இருக்கும் இடத்தில் வைத்து, மூன்று முறை அழுத்தி எடுப்பாள். இந்தக் குடியிருப்பில் அவள் பாதம் படாத முதுகு அதிகமில்லை. ஒரு காவல் ஆய்வாளரும் படுத்திருக்கிறார், சீருடையோடு. நான் இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல. ஆராய்ச்சி நோக்கில் மட்டும் மாதத்துக்கு ஓரிரு முறை படுத்துப் பார்த்ததுண்டு.

வந்தவர் சக்கர நாற்காலியைப் பார்த்தார். பிறகு போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் யோசித்துவிட்டு, “பொறக்கறப்ப எந்தக் காலுங்க முந்தி வந்துச்சு?” என்றார்.

“எங்காத்தா அதையெல்லாம் பாத்து வெக்குலீங்க. வலது பழக்கமாயிப் போச்சு” என்றாள் மயிலாத்தாள், ஏதோ கடையில் சரக்கு தீர்ந்துவிட்டதைச் சொல்வதுபோல. அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

வலி: ஆறு. அவர் போன பிறகு ஏழு.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் துணி துவைக்கப் போட்டேன். மயிலாத்தாள் கூப்பிட்டாள். “ஏனுங், கட்டைவெரலு அரிக்குதுங். கொஞ்சம் சொறிஞ்சு உடுங்க.”

இடது கால் கட்டைவிரலைச் சொறிந்தேன். அது இல்லை என்றாள்.

இல்லாத உறுப்பு அரிப்பதும் வலிப்பதும் மருத்துவத்தில் தெரிந்த விஷயம்தான். நரம்புகளுக்குச் செய்தி தாமதமாகப் போய்ச் சேருகிறது. இதைப் பற்றி வந்த பதிலை நானே ஒருமுறை கால் பத்தியாகச் சுருக்கியிருக்கிறேன். அதை அவளிடம் விளக்கினேன். “செரீங்க, அரிக்குதுங்களே” என்றாள். கால் இருந்திருந்தால் கட்டைவிரல் எங்கே இருக்குமோ அங்கே விரிப்பைச் சொறிந்தேன். “இன்னுங் கொஞ்சம் அக்கட்ட” என்றாள். நகர்த்திச் சொறிந்தேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

விரிப்பின் அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. சன்னல் வெயில் அங்கேதான் விழுகிறது.

ஜூன் 12, வியாழன்

கீழ்வீட்டு லிங்கசாமி லேத் பட்டறை வைத்திருந்தவர். படியேற முடியாமல் கிடந்தவர் இன்று இரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார். சாயிபாபா காலனியில் ஒரு கைரோபிராக்டரிடம் போனாராம். முதுகைத் திருகிச் சடக்கென்று ஒரு நெட்டி, அவ்வளவுதான். “போறப்ப ஆட்டோல படுத்துட்டே போனேனுங்ணா. வாரப்ப பஸ்ஸுல நின்னுட்டே வந்தேன். அந்தத் தம்பிக்கு அப்படியொரு கைராசி. அதனாலதான் கைரோன்னே பேரு.”

கைரோ என்பது கிரேக்கச் சொல், கை என்று பொருள் என்றேன். “அதத்தானுங்களே நானும் சொல்றேன்” என்றார்.

எதிர்வீட்டுப் பாத்திமா டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கொழுந்தனார் வேறொரு கைரோவிடம் கழுத்தைக் கொடுத்தவர். திரும்பி வந்த நாளாகப் படுத்தாலும் நின்றாலும் லிஃப்ட் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கிறதாம். “எறங்குது, எறங்குது, தரை மட்டும் வரவே மாட்டேங்குதாம்” என்றார்.

இரண்டு சாட்சிகளும் நம்பத் தகுந்தவர்கள். ஒருவர் முதுகு, ஒருவர் கழுத்து. எனக்கு முதுகு. போகலாம் என்று முடிவு செய்தேன். எலும்பு மருத்துவரோ எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொல்லியிருந்தார். படம் எடுத்தால் அறுவை என்பார். அறுவை என்றால் ஓசூர்.

ஜூன் 13, வெள்ளி

வலி: ஏழு. ரசம் வைத்தேன். உப்புப் போட்டதாக நினைவு. இல்லை என்கிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

மயிலாத்தாளுக்குத் துணையாகப் பாத்திமா டீச்சரை உட்காரவைத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன். நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டுத்தான்.

வரவேற்பறையில் ஒரு முழு முதுகெலும்பு, பிளாஸ்டிக்கில், கொக்கியில் தொங்குகிறது. குளிரூட்டியின் காற்றில் மெல்ல ஆடுகிறது. காத்திருந்தவர்கள் அனைவரும் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தார்கள். கைரோபிராக்டரின் பெயர் தர்ஷன். முப்பது வயதிருக்கும். தன்னை டாக்டர் என்று கூப்பிட வேண்டியதில்லை என்று அவரே சொன்னார். இதுவரை எந்த டாக்டரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லையாதலால் எனக்கு மரியாதை வந்தது.

வலி எப்போது தொடங்கியது என்று கேட்டார். மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வருவதற்கு முந்தைய வாரம் என்றேன். எழுதும்போதுதான் கவனிக்கிறேன்: அப்போது நான் யாரையும் தூக்க ஆரம்பித்திருக்கவில்லை. ஏதோ நினைவுப் பிசகு.

சிகிச்சையைப் படம்பிடித்து வலையில் போடுவார்களாம். ஒப்புதல் படிவத்தில் ‘முதுகெழும்பு’ என்று அச்சாகியிருந்தது. எழுத்தைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். உதவிப் பெண் ஒலிவாங்கியைச் சட்டைக் காலரில் மாட்டவில்லை; இடுப்பு வாரில் மாட்டினாள். பேசப்போவது அதுதான் போலும்.

மேசையில் முகம் வைக்க ஒரு ஓட்டை இருக்கிறது. குப்புறப் படுத்தால் தரை மட்டும் தெரியும். தர்ஷனின் வெள்ளைக் காலணிகள் இரண்டும் தெரிந்தன. அவர் இரு கைகளையும் முதுகில் வைத்தார். மூச்சை விடச் சொன்னார். அப்போது, கைகளுக்குச் சற்றுக் கீழே, பாதம் ஒன்று படிந்தது. முதலில் குதிகால், பிறகு விரல்கள். பழகிய வரிசை.

“காலை வெச்சீங்களா, தம்பி?” என்று கேட்டேன்.

“இல்லீங்க சார், கைதான்.”

ஓட்டை வழியாகப் பார்த்தேன். இரண்டு காலணிகளும் தரையில் இருந்தன.

சடக்கென்று ஒலி வந்தது. அறையிலிருந்த எல்லாரும் திருப்தியடைந்தார்கள்.

ஜூன் 18, புதன்

வலி: இரண்டு. இதை நேர்மையாக எழுதிவைக்க வேண்டும். காலையில் குனிந்து செருப்பு மாட்டினேன். மயிலாத்தாளை ஒரே மூச்சில் நாற்காலிக்கு மாற்றினேன். “நூலகத்துல என்னத்தப் படிச்சீங்க?” என்றாள். பொதுவாக நல்ல புத்தகம்தான் என்றேன்.

வலி போயிருக்கிறது. அழுத்தம் போகவில்லை. அழுத்தத்துக்கு மதிப்பெண் போடும் பழக்கம் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

பிசியோதெரபிப் பெண் ஸ்டெல்லா செயற்கைக் காலைக் கொண்டுவந்தாள். பெட்டியைத் திறந்தாள். பாதம் ரப்பர், நகம் எல்லாம் வைத்து நன்றாகச் செய்திருக்கிறார்கள். புண் ஆறிவிட்டது, இன்றே மாட்டி நிற்கப் பழகலாம், பழகிவிட்டால் யாரும் தூக்க வேண்டியதில்லை என்றாள். மயிலாத்தாள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். வலிக்குமென்ற பயமா என்று ஸ்டெல்லா கேட்டாள்.

“பயமில்ல கண்ணு. அந்த எடத்துல காலு இருக்குது. இருக்கற காலு மேல இன்னொண்ண எப்படி மாட்டறது?”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். நரம்பு, மூளை, செய்தித் தாமதம் எல்லாம் அவளும் விளக்கினாள். மயிலாத்தாள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், “காலு இல்லேன்னு சொல்றதுக்கு அது எங்க போச்சுன்னு யாருக்காச்சும் தெரியோணுமில்ல?” என்றாள். அதை ஸ்டெல்லாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

பெட்டியை அலமாரியின் மேல் வைத்தேன். குழம்புக்குப் புளி ஊறப் போட்டிருந்தது நினைவுக்கு வந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

இரண்டாவது முறை. காத்திருக்கும் அறையில் ஒரு நாடாளுமன்றமே நடந்தது. நெசவாலை மேலாளர் ஒருவர் பல்லாண்டு வலி இங்கே போனது என்றார். பக்கத்திலிருந்த அம்மாள், தனக்குப் போன வலி வாரம் தவறாமல் திரும்பி வருகிறது என்றும், ஆனாலும் தர்ஷன் தம்பி உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்கிறது, வேறு எந்த டாக்டர் கேட்கிறார் என்றும் சொன்னார். மூன்றாவதாக ஓர் இளைஞன். அவனுக்கு எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அந்தச் சடக் ஒலி இல்லாமல் இப்போது தூக்கம் வருவதில்லையாம். மூவரும் சொன்னதில் பொய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. கேள்வி பதில் பகுதியில் இப்படி மூன்று கடிதங்கள் வந்தால் ஒன்றை மட்டும் போடுவோம்.

மேசையில் படுத்ததும் பாதம் எனக்கு முன்பே அங்கே காத்திருந்ததுபோல் ஏறி நின்றது. இம்முறை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் வலது தொடையில் மின்சாரம் இறங்கியது. வலி: எட்டு.

ஜூன் 26, வியாழன்

காணொளியை ஏற்றிவிட்டார்கள். குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் லிங்கசாமி பெருமையோடு பகிர்ந்திருக்கிறார். என் முதுகை இத்தனை பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்திருந்தால் வேறு பனியன் போட்டிருப்பேன். பாத்திமா டீச்சர் ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்கச் சொன்னார். சடக் ஒலிக்குச் சற்று முன்னால் என் குரல் கேட்கிறது: “மயிலு, மெதுவா.”

நான் அப்படிச் சொல்லவில்லை. ஒலிப்பதிவில் ஏதோ கோளாறு. மற்றவர்கள் அந்த நேரத்தில் முருகா என்பார்கள், இவர் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறார் என்று கீழே கருத்து எழுதியிருக்கிறார்கள். நிறைய இதயங்கள்.

மயிலாத்தாளும் பார்த்தாள். இரண்டு முறை பார்த்தாள். நூலகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

திருமூர்த்தி வந்தான். காணொளி ஓசூர்வரை போயிருக்கிறது.

கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். வந்ததும் அம்மாவைக் குளியலறைக்குத் தூக்கிப் போனான். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கினான். அவனுக்கு வயது முப்பத்தெட்டு. என் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லத்தில் ஓர் அறைக்குச் சொல்லிவைத்துவிட்டானாம், பத்தாம் தேதியிலிருந்து.

“ஒருநாள் நீங்க ரெண்டு பேரும் சேந்து பாத்ரூம்ல உழுந்து கெடப்பீங்க. யாராச்சும் எனக்கு போன் பண்ணிச் சொல்லோணும். அந்த போனுக்குத்தாம்பா நான் தினமும் பயந்துட்டிருக்கறேன்” என்றான்.

அவன் சொன்னதில் திருத்த எதுவும் இல்லை. அம்மா தானாக எழுந்து நாற்காலிக்குப் போய்விட்டால் என்றேன். அப்படியென்றால் அறையை வேண்டாமென்று சொல்லிவிடுவதாக உடனே ஒப்புக்கொண்டான். அவ்வளவு வேகமாக ஒப்புக்கொண்டது, அது நடக்காது என்று அவனுக்குத் தெரிந்திருந்ததால். அலமாரியின் மேல் பெட்டி இருந்தது. மூவரும் அதைப் பார்க்கவில்லை.

மயிலாத்தாள் மகன் கிளம்பும்போது தயிர்சாதம் கட்டிக் கொடுக்கச் சொன்னாள்.

ஜூலை 1, செவ்வாய்

போயிருக்கக் கூடாது. ஆனால் பத்தாம் தேதிக்குள் முதுகு தேற வேண்டுமென்றால் வேறு கடை எது திறந்திருக்கிறது?

தர்ஷன் இம்முறை மேசையில் படுக்கவைக்கவில்லை. நான் நடந்து வந்த விதத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். வலது கட்டைவிரலைத் தன் விரலால் அழுத்தி, எதிர்த்துத் தூக்குங்கள் என்றார். தூக்கினேன். தூக்கியதாக நினைத்தேன். விரல் அப்படியே இருந்தது. குண்டூசியின் மழுங்கிய முனையால் பாதத்தில் தொட்டுத் தொட்டுக் கேட்டார். தொட்டது எதுவும் தெரியவில்லை.

ஒலிவாங்கியோடு வந்த பெண்ணை வெளியே போகச் சொன்னார். பிறகு, “சார், இதுல இனி நான் கை வெக்கக் கூடாதுங்க. இன்னிக்கே எம்.ஆர்.ஐ. எடுங்க. மொத நாளே எடுக்கச் சொல்லியிருக்கோணும். சொல்லல” என்றார். அந்தப் பையனின் முகம் வெளுத்திருந்தது. நானும் எலும்பு மருத்துவர் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. ஆகவே எங்களுக்குள் வரவு செலவு சரியாகிவிட்டது. கட்டணம் வாங்கவில்லை. கதவுவரை தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வரவேற்பறையில் முதுகெலும்பு ஆடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த ஒருவர் அதன் அடியில் உட்கார்ந்து, உங்களுக்குக் குணமாச்சுங்களா என்று என்னிடம் கேட்டார். முதல் முறை ஆச்சு என்றேன்.

ஜூலை 3, வியாழன்

எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது. நெட்டி முறித்ததாலா என்று கேட்டேன். அதனாலும் இருக்கலாம், தூக்கியதாலும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலே ஆகியிருக்கலாம் என்றார். மருத்துவர்களின் பதிலை நான் ஏன் வெட்டினேன் என்று புரிந்தது. பத்தாம் தேதி அறுவை. தள்ளிப் போட்டால் பாதம் மரத்தபடியே நின்றுவிடும் என்றார்.

பத்தாம் தேதி நான் ஒரு கட்டிலில், அவள் ஒரு கட்டிலில், இடையே ஓசூர் சாலை.

எங்கள் வீட்டின் இன்றைய நிலவரம்: எனக்கு இருக்கிற கால் தெரியவில்லை, அவளுக்கு இல்லாத கால் தெரிகிறது.

ஜூலை 4, வெள்ளி

அவளைத் தூக்க லிங்கசாமியும் பாத்திமா டீச்சரும் வருகிறார்கள். அவர்கள் தூக்கும்போது அவள் கண்ணைத் திறப்பதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். மயிலாத்தாள் கட்டிலில். மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அவள் மேலே பார்த்தபடியே கேட்டாள்.

“என்ற காலை என்ன பண்ணுனீங்க?”

ஆஸ்பத்திரியில் அதற்கென்று விதிமுறை இருக்கிறது, அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றேன். சித்திரையில் சொன்ன அதே வாக்கியம், சொல் மாறாமல்.

“எனக்கு மயக்கம் தெளிஞ்சதுக்கு அடுத்த நாளு மத்தியானம். நீங்க ஈரத்தலையோட வந்து கட்டலுகிட்ட நின்னீங்க. ஆசுபத்திரில இருக்கறவன் எதுக்குங் மத்தியானத்துல தலைக்குத் தண்ணி வாத்துட்டு வாரான்?”

பாயில் படுத்திருப்பவனுக்கு எழுந்து சமையலறைக்குப் போகும் வசதி இல்லை. சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் ஊழியர் வந்து, எடுத்துக்கொள்கிறீர்களா, எரிக்கிற குப்பையோடு அனுப்பிவிடவா என்று கேட்டார். குப்பை என்பது அவர் தவறல்ல, அவர்கள் துறையில் அதுதான் சொல். எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வெள்ளைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டேன். ஓட்டுநர், மிக்ஸிங்களா என்றார். ஆமாம் என்றேன். மின்மயானத்தில் இருந்தவர் பார்த்துப் பழகியவர், ஆச்சரியப்படவில்லை. தட்டு தாழ்வாக இருந்தது. குனிந்து பெட்டியை வைத்தேன். கனமே இல்லை. நிமிர்ந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. அங்கேயே குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, மறுநாள் சாம்பலைப் பேரூருக்குக் கொண்டுபோய் நொய்யலில் விட்டேன்.

மயிலாத்தாள் மின்விசிறியைப் பார்த்தபடியே, “பேரு கேட்டாங்களா?” என்றாள்.

“கேட்டாங்க.”

“என்னன்னு சொன்னீங்க?”

“உன்ற பேருதான் சொன்னேன். வேற என்ன சொல்றது?”

அவள் அதை யோசித்தாள். சன்னல் வெயில் விரிப்பின் அந்த இடத்தில் விழுந்துகொண்டிருந்தது.

“பொறக்கறப்பவும் காலுதான் முந்துச்சு. போறப்பவும் காலே முந்திருச்சு” என்றாள்.

படுத்தபடியே கையை நீட்டிக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்கிட்டச் சொல்லாம நீங்களா ஒத்தையில போய் எரிச்சுப்போட்டு வந்திருக்கறீங்க.”

ஆமாம் என்றேன்.

“முச்சூடும் எரிஞ்சிருச்சுங்களா?”

முழுதும் எரிந்துவிட்டது என்றேன்.

அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். முழங்காலுக்குக் கீழே போர்வை மேல் கையை வைத்தாள். அங்கிருந்து கீழே, கீழே என்று தடவிக்கொண்டே போய், கட்டிலின் ஓரம்வரை போனாள். கணுக்கால் இருக்கும் இடத்தில் கொஞ்சம் நின்றாள்.

“அப்பறம் என்னுங். எடம் காலியாத்தான் கெடக்குது. அந்தப் பொட்டிய எடுக்கச் சொல்லுங்க. நீங்க எந்திரிக்காதீங்க, டீச்சரைக் கூப்புடுங்க.”

ஜூலை 7, திங்கள்

ஸ்டெல்லா வந்தாள். மாட்டினாள். நிற்கும்போது மயிலாத்தாள் அழுதாள். வலியால் என்று ஸ்டெல்லா சொன்னாள். ஸ்டெல்லாவுக்குத் தெரியாது.

ஜூலை 8, செவ்வாய்

இரண்டு முறை சாய்ந்தாள். இரண்டு முறையும் சன்னல் கம்பி பிடித்துக்கொண்டது. நான் பாயிலிருந்து கையை உயர்த்தினேன். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

ஜூலை 9, புதன்

திருமூர்த்தி காலையிலேயே வந்துவிட்டான். காரின் பின்இருக்கையில் அம்மாவுக்கென்று தலையணையெல்லாம் போட்டிருந்தான். மயிலாத்தாள் அவனைக் கட்டிலுக்கு எதிரே நிற்கச் சொன்னாள். காலை மாட்டினாள். வாரை இழுத்துக் கட்டினாள். கம்பியைப் பிடித்து எழுந்தாள். கம்பியை விட்டாள். நாற்காலிவரை போனாள். அழகாகப் போனாள் என்று எழுத முடியாது. பழைய ரயில் யார்டுக்குள் போவதுபோலப் போனாள். ஆனால் யார் கையும் படாமல் போனாள். உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, “மறுக்காப் பாக்கறயா?” என்று கேட்டாள்.

அவன் வெளியே போய் ஓசூருக்குப் பேசினான். அறை வேண்டாம் என்று சொன்னது உள்ளே கேட்டது. பிறகு அலுவலகத்துக்குப் பேசினான். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்வரை இங்கிருந்தே வேலை பார்ப்பானாம். தலையணைகளைத் திரும்ப எடுத்துவந்தான்.

லிங்கசாமி பார்க்க வந்தார். ரப்பர் பாதத்தை வெகுநேரம் ஆராய்ந்தார். இதால் மிதித்தால் கேட்குமா என்று கேட்டார். அது கால் முந்திப் பிறக்கவில்லை, பெட்டியில் படுத்த வாக்கில் வந்தது என்று மயிலாத்தாள் சொல்லிவிட்டாள்.

அரிப்பு நின்றுவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அங்கே ஒன்றுமே தெரியவில்லை என்கிறாள். நிம்மதியாக இருக்கிறதா என்று கேட்டேன். “வெறிச்சுன்னு இருக்குதுங்” என்றாள்.

நான் பாயில் குப்புறப் படுத்துத்தான் இதை எழுதுகிறேன். வலி: எட்டு. முதுகில் அந்தப் பாதம் இருக்கிறது. குதிகால் கீழே, விரல்கள் மேலே, அன்றைவிட இன்று கொஞ்சம் அழுத்தமாக, வேறு எங்கும் போக இடமில்லாததுபோல. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் திருப்பிக் கேட்பாள்.

நாளை மருத்துவர் முதுகைத் திறப்பார். பிதுங்கியிருக்கும் வட்டை எடுத்துவிடுவார். ஐயம் ஏதாவது இருந்தால் காலையில் கேட்டுக்கொள்ளச் சொன்னார். எனக்கு ஐயம் எதுவும் இல்லை. வட்டைத் தவிர அங்கே இருக்கும் வேறு எதையும் எடுத்துவிட வேண்டாம் என்று அவரிடம் எந்த வார்த்தைகளில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.